பெரியப்பா அணைத்த கருவி

எங்கள் குடும்ப மசாலா தொழிற்சாலைக்கு நான்தான் நிர்வாகி. தீபாவளி நேரம். பாக்கெட்டில் உலோகத் துண்டு இருந்தால் கத்தும் கருவியைப் பெரியப்பா அணைத்துவிட்டார்.

"சும்மா சும்மா கத்துது லா, வேலையே ஓட மாட்டேங்குது."

பெரியவராயிற்றே என்று, சோதிக்காத சரக்கை அனுப்பும் தாளில் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். லிட்டில் இந்தியா கடைகளுக்கு லாரி கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. மிளகாய்த்தூள் பெட்டிகளை இறக்கி, கருவியை ஓடவிட்டேன். மூன்றாவது பெட்டியிலேயே கத்தியது. உள்ளே சல்லடையிலிருந்து அறுந்த கம்பி!

"வெளிய சொல்லிடாதம்மா, நம்ம பேரு கெட்டுடும்," என்றார் பெரியப்பா.

இப்போது கருவியின் சாவி என் கைப்பையில்தான். எந்தப் பெரியவர் கேட்டாலும் கொடுப்பதில்லை. பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை அவர் மேசைக்கும் வரும். படிக்கட்டும்.