அஞ்சரை மணி பஸ்

ஹாலிஎலயில் தேயிலைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில், உற்பத்தித் திட்டம் போடும் வேலையில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பிசகினால் வேலை நிரந்தரமாகாது.

அட்டை வெட்டும் மெஷினை ஒரு அக்கா ஓட்டினார். ஒல்லியான உடம்பு, முழங்கைவரை மடித்த சட்டை. பெட்டியின் அளவுக்கேற்ப மெஷினில் அச்சு மாற்றுமுன் ஸ்பேனர்களை, எடுக்கப்போகும் வரிசையிலேயே ஒரு சிவப்புத் துணியில் அடுக்கிவைப்பார்.

பெட்டிகளுக்கு ஓடர் வந்த வரிசைப்படியே என் முதல் திட்டத்தை எழுதினேன்: சின்னப் பெட்டி, பெரியது, மறுபடி சின்னது, மறுபடி பெரியது.

"தம்பி, பெட்டி செய்யச் சொல்றீங்களா, அச்சுக் கழட்டச் சொல்றீங்களா?"

அக்கா கேட்டதும், பக்கத்தில் வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள்.

"பெரிய பெட்டிக்கு நாலு மணிக்கு லொறி வருதுக்கா. பிந்தினா என் கதை முடிஞ்சிரும்."

"ஒருக்கா மாத்த ஒரு மணித்தியாலம். மூணு தடவை மாத்தினா வேலை இழுத்து அஞ்சரை பஸ் போயிரும். இந்தப் புள்ளைகளுக்கு வேற பஸ் இல்ல. சின்ன அச்சு இப்ப மாட்டித்தானே இருக்கு? சின்னதெல்லாம் முதல்ல முடிப்போம். லொறிக்கு நான் பொறுப்பு."

"அப்ப பெரிய அச்சை இப்பவே கொண்டாந்து பக்கத்துல வைக்கிறேன்."

"வெள்ளைச் சட்டையோடயா? வைங்க பாப்போம்."

வைத்தேன். சட்டை கறுத்தது. அவர் ஒரே தடவைதான் அச்சு மாற்றினார், அதுவும் முக்கால் மணியில். லொறி நேரத்துக்குக் கிளம்பியது.

அஞ்சரைக்குப் பெண்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். அவர் ஸ்பேனர்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸை விட்டுட்டீங்களேக்கா!"

"என் லயத்து வீடு இந்தா, பின்னால. நான் எப்பவும் நடைதான்."

இப்போது நான் எழுதும் ஒவ்வொரு திட்டத்திலும் முதல் வரியில் பஸ் நேரம் இருக்கிறது. அதற்குக் கீழேதான் லொறி.