முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்ன ரேஸ்

குதிரைப் பந்தயம் குடியைக் கெடுக்கும் என்று என் மாமியாரிலிருந்து பால்காரி வரைக்கும் எல்லாரும் எனக்குச் சொல்லியாயிற்று. சொன்னவர்களில் ஒருத்தராவது சீஸன் நாளில் சாமுண்டி மலையடிவாரத்தில் போய் நின்றிருப்பார்களா? மாட்டார்கள். மழை விட்ட புல் வாசனையும் குதிரை வேர்வை வாசனையும் கலந்து வரும்போது வயிற்றுக்குள் ஒன்று துள்ளுமே, அது அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். என் ஆத்துக்காரர் காட்டிக் கொடுத்தார்.

அவர் சமஸ்தானத்து ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. வாரம் பூராவும் மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிற மனுஷர், ரேஸ் நாள் வந்தால் பஞ்சகச்சமும் ஜரிகைத் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை மாதிரி கிளம்பிவிடுவார். ஒரு ரேஸுக்கு ஒரு பந்தய டிக்கெட்தான், அதற்கு மேல் கை நீளாது. ஜெயித்தால் எனக்கு மல்லிகைப்பூ, தோற்றால் வேர்க்கடலை. ஏதோ ஒரு பொட்டலம் வீடு வந்து சேரும்.

கல்யாணமான புதிதில் நான் மைதானத்துக்குப் போனதில்லை. பெரியவர்கள் இருந்த வீடு. சாயங்காலம் அவர் வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டு ரேஸைச் சொல்லுவார். எந்தக் குதிரை எப்படி நடந்து வந்தது, எது காதை மடித்தது, எந்த ஜாக்கி சாட்டையை எந்தக் கையில் வைத்திருந்தான் என்று ஆதியோடந்தமாக வரும். எனக்கோ அடுப்பில் ரசம்.

"ஜெயிச்சுதா இல்லையா? அதை முதல்ல சொல்லுங்கோ" என்பேன்.

"அதை முதல்ல சொல்லிட்டா அப்புறம் ரேஸ் எதுக்குடி?" என்பார்.

ஆனால் அவர் முகம் ஒரு அசட்டு முகம். ஜெயித்திருந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். நான் கண்டுபிடித்துச் சிரித்துவிடுவேன், அவருக்குப் பொசுக்கென்று போய்விடும். அதனால் என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். நான் பின்னாலிருந்து "ம்" கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் குதிரை நகராது. கடைசி வளைவு வந்ததும் என்னை அறியாமல் மூச்சு நின்றுவிடும், "ம்" வராது. "பாத்தியா, இப்பத்தான் நீ ரேஸ் பாக்கறே" என்பார், திரும்பாமலே. ரசம் பொங்கி அடுப்பு அவிந்த நாட்கள் எத்தனையோ.

பெரியவர்கள் காலத்துக்குப் பிறகு நானும் ஜட்காவில் ஏறிவிட்டேன். ஊர் பேசிற்று. பிள்ளை இல்லாத வீடு, குதிரையாவது ஓடட்டும் என்று நானே சொல்லி வாயை அடைத்துவிட்டேன். மலைச்சரிவில் பாறை மேல் குடையை விரித்து நான் உட்கார்ந்திருப்பேன். அவர் கீழே போய்க் குதிரைகளைப் பார்த்துவிட்டு மேலும் கீழுமாக ஏறி இறங்குவார். ஒருமுறை, என் புடவை நிறத்தில் சட்டை போட்டிருந்த ஜாக்கியின் குதிரைக்கு வாங்கச் சொன்னேன். "புடவையப் பாத்துப் பந்தயம் கட்டறவ லோகத்துல நீ ஒருத்திதான்" என்று திட்டிக்கொண்டே போனார். அது ஜெயித்தது! வீட்டுக்கு வரும் வரை என்னோடு பேசவில்லை. அந்த மாதிரி சந்தோஷத்தை நான் எந்த விசேஷத்திலும் அனுபவித்ததில்லை.

பிறகு ஒரு செந்நிறப் பெண்குதிரை வந்தாள். ஒரு கால் மட்டும் வெள்ளை. எங்களுக்குள் அவளுக்கு வெள்ளைக்கால்காரி என்று பேர். அவள் பின்னாலேயே ஓடுவாள். எல்லாரும் கைவிட்ட பிறகு, வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், யாரோ காதில் சொன்னது போலப் புறப்படுவாள். சனங்கள் "பாரே, பாரே!" என்று கன்னடத்தில், சொந்தப் பெண்ணை வாடி வாடி என்று கூப்பிடுவது போலக் கத்துவார்கள். இவர் மட்டும் கத்த மாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு என் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொள்வார்.

மூன்று சீஸன் அவள் ஓடினாள். மூன்றாவது சீஸனில் இவருக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. டாக்டர் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார், குதிரைப் பேச்சே ஆகாது என்றார். இவர் எல்லாவற்றுக்கும் ஆபீஸில் ஆட்டுகிற மாதிரியே தலையை ஆட்டினார். டாக்டர் படியிறங்கினதும் என்னைக் கூப்பிட்டார்.

"தசரா கடைசி ரேஸ்ல அவ ஓடறா. அதோட சரி, குதிரையோட சொந்தக்காரா குட்டி போட அனுப்பிடப் போறாளாம். நீ போய்ப் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு."

"டாக்டர் என்ன சொன்னார்னு காதுல விழல்லையா?"

"அவர் பேசக் கூடாதுன்னார். கேக்கக் கூடாதுன்னாரா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? உயிரைப் பிடித்துக்கொண்டு அந்த ஒன்றுக்காகத்தான் படுத்திருந்தார். பக்கத்து வீட்டு மாமியைக் காவல் வைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். ஜட்காக்காரர் வழியெல்லாம், "இவத்து அவளே அம்மா, இன்னிக்கு அவளே" என்று தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். என் ஆத்துக்காரருக்காக ஒரு டிக்கெட்டும் ஜட்காக்காரர்தான் வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் தோற்றுப்போனாள்.

வளைவில் முன்னால் வந்தது நிஜம். என் கண்ணால் பார்த்தேன், வெள்ளைக்கால் மின்னிக்கொண்டு தனியாக வந்தாள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்றோ, மற்றக் குதிரைகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போக, கடைசிக்கு முந்தினவளாக முடிவுக் கம்பத்தைக் கடந்தாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் திரும்பி நடந்ததைப் பார்த்து நான் அந்தப் பாறை மேல் உட்கார்ந்து அழுதேன். குதிரைக்கு மட்டுமா அழுதேன்?

வழி நெடுக ஒரே யோசனை. பொய் சொல்லிவிடலாமா? ரேஸில் பொய் சொல்வது அவருக்குத் தெய்வக் குற்றம். நிஜத்தைச் சொன்னால் அந்த நெஞ்சு தாங்குமா? வேர்க்கடலையும் வாங்கவில்லை, மல்லிகையும் வாங்கவில்லை. வெறுங்கையோடு போனேன்.

மாமி எழுந்து போனாள். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். "முகத்தைக் காட்டாதே. திரும்பி உக்காரு."

கட்டில் விளிம்பில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலில் மலை தெரிந்தது. என் முந்தானையைத் தேடிப் பிடித்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

சொன்னேன். ரேஸுக்கு முன்னால் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுகிற வளையத்தில் அவள் நடந்த நடையைச் சொன்னேன். "ம்." வேர்த்திருக்கவில்லை, காது நிமிர்ந்திருந்தது என்றேன். "ம்." கிளம்பும்போது கடைசியில் இருந்தாள் என்றேன். சிரித்தார், படுக்கை ஆடிற்று. "அவ அப்படித்தான். மெதுவாச் சொல்லு" என்றார். மெதுவாகச் சொல்வதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? ஒவ்வொரு குதிரையாக, அதன் நிறம், ஜாக்கி சட்டை எல்லாம் சொல்லி இழுத்தேன். "ம்... ம்..." வளைவு வந்தது. "புறப்பட்டுட்டா. வெளிப்பக்கமா வரா. ரெண்டைத் தாண்டிட்டா. இப்ப முன்னால அவதான், ஒருத்தரும் கிட்ட இல்லை" என்றேன்.

"ம்" வரவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் வளைவில் அவர் வேறு எப்படி இருந்தார்? அப்பாடா, கொஞ்சம் நேரம் கிடைத்தது என்றுகூட இருந்தது. மேலே என்ன சொல்வதென்று தெரியாமல், "முன்னாலதான் இருக்கா, முன்னாலதான் இருக்கா" என்று மலையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் முந்தானை தளர்ந்திருப்பது தெரிந்தது. திரும்பினேன். மூக்கு நுனி சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ரேஸ் ஏது, பூ ஏது? துக்கம் கேட்க வந்தவர்களில் அவருடைய ரேஸ் சிநேகிதர் ஒருவரும் இருந்தார். அன்றைக்கு அவரும் மைதானத்தில் இருந்தவர்தான். "மாமி, அன்னிக்கு அந்தக் குதிரை கடைசில..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்கோ" என்றேன். "இந்த ஆத்துல அது இன்னும் வளைவுலதான் இருக்கு."

பக்கத்தில் இருந்த யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சிநேகிதர் மட்டும் அங்கவஸ்திரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.