டெய்சியம்மாவோட எடைக்கல்

பூவரச மரத்துல தராசக் கட்டுன ஒடனே டெய்சியம்மா மொதல்ல ரெண்டு கிலோ எடைக்கல்லத்தான் தூளியில போடுவாங்க. முள்ளு சரியா ரெண்டுல நிக்கணும். நின்னாத்தான் புள்ளயத் தூக்குவாங்க. எங்க பட்டினச்சேரிப் பொம்பளைங்க பூரா மீன் விக்கிறவங்க, தராசுன்னாலே சந்தேகப்படுற ஆளுங்க. "எல்லாரும் பாத்துக்குங்க, அப்புறம் முள்ளு மேல பழி போடக் கூடாது"ன்னு டெய்சியம்மா சொல்வாங்க. "நல்லவேள, எந் தராச இப்புடி எவளும் சோதிக்கல"ன்னு மீன்காரி மாரிக்கண்ணு சிரிக்கும்.

செவ்வாக்கெழம தவறாம காரைக்கால்லேருந்து மொத பஸ்ஸுல வருவாங்க. வெளுத்த நூல்சேல, கழுத்துல சின்ன சிலுவ. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு மணல்ல நடப்பாங்க. புள்ளத்தாச்சியப் பத்தியும் கைப்புள்ளயப் பத்தியும் ஆராய்ச்சி பண்றாங்க. எந்தப் புள்ள எடை கொறஞ்சு பொறக்குது, ஏன் பொறக்குதுன்னு புயலுக்கு மறுவருசத்துலேருந்து நோட்டுல எழுதுறாங்க. "எத்தன மாசம்"னு மட்டும் கேக்க மாட்டாங்க. "கடைசியா தூரமானது மாங்கனித் திருழாவுக்கு முன்னயா, பின்னயா?"ன்னு அப்புடித்தான் கேள்வி.

எடையையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. வந்த புதுசுல ஒரு தடவ "மூணே முக்கா!"ன்னு சந்தோசத்துல கத்திட்டாங்க. கண்ணு பட்டுடும்னு புள்ளயப் புடுங்கிட்டுப் போன தாய்க்காரி அப்புறம் வரவே இல்ல. அதுலேருந்து, புள்ள ஒரு வாரத்துல எவ்வளவு ஏறியிருக்கோ அந்த எடைக்கல்ல வீட்டாளு கையில வச்சுடுவாங்க. நூறா எரநூறான்னு எங்காளுங்களுக்குக் கையே சொல்லிடும்.

எம்மவ அஞ்சுகத்துக்குத் தலைப்பிரசவம். பேரன் பொறந்தான். தூக்கிப் பாத்தா அந்த ரெண்டு கிலோ கல்ல விட லேசா இருந்தான். டெய்சியம்மா நோட்டப் பாத்துட்டு, "கொறமாசம், அதான் சின்னதா இருக்கான்"னு எழுதுனாங்க. எம்பொஞ்சாதி விசாலாட்சி தரையப் பாத்துச்சு. எனக்குப் பொறுக்கல.

"முழு மாசந்தாம்மா. தூரமானது மாங்கனிக்கு முன்னாடியேதான். கண்ணு படும்னு ஒரு மாசத்தக் கொறச்சு, பின்னாடின்னு சொல்லிப்புட்டோம்."

டெய்சியம்மா பேனாவ மூடுனாங்க. "அண்ணே, முந்திப் பொறந்த புள்ள வேற, வயித்துல சாப்பாடு பத்தாம வளந்த புள்ள வேற. அஞ்சுகம் என்னதான் சாப்புட்டுச்சு?"

"புள்ள பெருத்துட்டா பெத்துக்க முடியாதுன்னு ராச்சோத்த நிறுத்திட்டேன்"னு விசாலாட்சி அழுதுடுச்சு.

"சரி, அழுது என்ன ஆவப்போவுது? பால்சுறா கெடைக்குமா?"

"கடலுக்குப் போற எங்கிட்டயே கேக்குறீங்களே!"ன்னேன்.

"அப்ப அஞ்சுகத்துக்கு மூணு வேளையும் சோறு, பால் ஊற சுறாப்புட்டு. புள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுந்தான். சர்க்கரத்தண்ணி தொட்டு வச்சீங்க, சண்டைக்கு வருவேன்." எழுதுன வரிய அடிச்சுட்டு வேற எழுதுனாங்க.

அடுத்த செவ்வா எடை போட்டுட்டு, விசாலாட்சி கையில ஒண்ணும் வைக்கல. அதுக்கடுத்த வாரம் நூறு. அப்புறம் எரநூறு. பய கத்துற கத்துல இப்ப அலைச் சத்தமே கேக்குறதில்ல.

நேத்து எட்டாவது செவ்வா. தூளியிலேருந்தே டெய்சியம்மா சேலைய நனைச்சுட்டான். "பன்னீர் தெளிக்கிறாரு தொரை"ன்னுச்சு மாரிக்கண்ணு. டெய்சியம்மா முள்ளப் பாத்தாங்க. நோட்டப் பொரட்டி, அவன் பொறந்தன்னிக்கு எழுதுன எடையோட ஒப்பிட்டுப் பாத்தாங்க. எடுத்து வச்சிருந்த எரநூறு கல்லத் திரும்பப் பையில போட்டாங்க. இதுவரைக்கும் எங்க வீட்டுக்காகப் பையிலேருந்து வெளிய வராத ஒரு கிலோ கல்லத் தேடி எடுத்தாங்க. எங்கையில வச்சு, வெரல ஒவ்வொண்ணா மடக்கி மூடுனாங்க.