கீழே வைத்த கத்தி

மடக்கி வைக்கிற பழைய வில்லுக்கத்தி சேர்ப்பது என் பைத்தியம். நேற்று அக்கரைப்பற்றுக் கடையொன்றில் ஒன்று கிடைத்தது. ஒரு முனை ஒடுங்கி மறுமுனை அகன்று, கண்ணீர்த்துளி போன்ற பிடி. விரித்ததும் தேங்காயெண்ணெயும் துருவும் கலந்து எழுந்த வாசம், கல்முனைக்குடிக் கடலோரத்தில் இருந்த சாச்சாவின் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது.

சாச்சா என் வாப்பாவின் தம்பி. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து சோறு தின்றதும், பாயில் பழைய சாரனை விரித்து, இதேபோல் பிடியுள்ள தன் ஏழு துளிக்கத்திகளையும் அடுக்கி, எண்ணெய் பூசி, ஒவ்வொன்றாக மடக்கி, அந்த ‘டக்’ ஓசையைத் தலை சரித்துக் கேட்பார். வெளியே அலை இரைந்துகொண்டே இருக்கும். பார்க்கக் கேட்டால் தருவார், ஆனால் கைக்குக் கை கொடுக்கல் வாங்கல் கிடையாது.

“பார்த்திட்டு கீழ வை மகள், நான் எடுக்கன். கையில தந்தா உறவு அறுந்திரும்.”

ஒரு வெள்ளிக்கிழமை, மான்கொம்புப் பிடி போட்டதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். மறுநாள் சாச்சா வந்தார். என்னைப் பார்க்காமல், வாசலைப் பார்த்துச் சொன்னார்:

“எடுத்த ஆள் கீழ வெச்சாப் போதும். நான் ஒண்டும் கேக்கமாட்டன்.”

அடுத்த வெள்ளிக்கிழமை வைத்துவிடலாம் என்றிருந்தேன். மறுநாளே, ஞாயிறு காலையில், கடல் ஊருக்குள் வந்தது. சாச்சாவும் இல்லை, வீடும் இல்லை, மற்ற ஆறு கத்திகளும் இல்லை.

இன்று என் அலுமாரி நிறையத் துளிக்கத்திகள். ஊருக்குப் போகும்போதெல்லாம் மான்கொம்புக் கத்தியை மட்டும் எடுத்துப்போய், வீடு இருந்த மணலில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பேன். வெகுநேரம் கழித்து, நானே குனிந்து எடுத்துக்கொண்டு திரும்புவேன்.