மனுவில் எழுதாத சொல்

என் கையெழுத்து அழகாயிருக்கும். அதனால்தான் மாதர் சங்கத்து மனுவை என்னை எழுதச் சொன்னார்கள். அந்த அழகான கையெழுத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். குடியிருப்பு அண்ணன் வீட்டில். ஒருநாள் குளித்துவிட்டு வந்த மதினி, அண்ணன் மனைவி, என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர்தான். அவரிடம் காட்ட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவள் மட்டுமா? எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் யாரிடமும் காட்டாமல் செத்துப் போயிருந்தார்கள்.

வாரத்தில் ஒருநாளாவது லேடி டாக்டர் வர வேண்டும், கட்டி இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் எங்கள் கோரிக்கை. கட்டி எங்கே என்று எழுதும் இடம் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. ஆண்கள் படிக்கிற காகிதம் அல்லவா! கட்டி என்ற பேச்சையே விட்டுவிட்டு, 'பெண்களை வாட்டும் நெஞ்சு நோய்' என்று எழுதி, எங்கள் வீட்டு முகவரியையும் போட்டேன். "டீச்சர் எவ்வளவு நாகரிகமா எழுதியிருக்காவ!" என்று சங்கத்தில் மெச்சினார்கள். நானும் பூரித்துப் போனேன்.

எம்.எல்.ஏ. சாரலுக்குக் குற்றாலம் வந்திருக்கிறார் என்று தெரிந்து ஐந்து பேர் பஸ் ஏறினோம். மதினி வரவில்லை. அவர் பங்களா வராந்தாவில் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். எண்ணெய் தேய்க்கிறவர் அவருடைய நெஞ்சில் பளார் பளாரென்று அறைந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, எல்லாரும் நனைஞ்சுல்லா வந்திருக்கீய! என் கையெல்லாம் எண்ணெ. மனுவை ஜன்னல்ல வச்சிட்டுப் போங்க. நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு வார்த்தை வாயால் சொல்லியிருக்கலாம். ஐந்து பேரில் ஒருத்தியும் சொல்லவில்லை. மனுவை வைத்துவிட்டு, அருவியில் குளித்துவிட்டுத் திரும்பினோம்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு மாதத்தில் சுகாதார ஊழியர் ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். பையிலிருந்து மூடி போட்ட சின்ன பாட்டில்களை எடுத்தார். "நெஞ்சு நோய்னு மனு குடுத்தது இங்கனதான? காலையில எந்திரிச்சதும் சளியைத் துப்பி வைங்க" என்றார். காசநோய் என்று நினைத்துவிட்டார்கள்! அவர் கேட்டது தெருவுக்கே கேட்டது. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

மதினி முதலில் சிரித்தாள். பிறகு பாட்டிலை என் முன்னால் டொக்கென்று வைத்தாள். "ஏட்டி டீச்சர், சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்? நீ எழுதாததுக்கு எவன் டாக்டர் அனுப்புவான்? அடுத்த மட்டம் நானே வருதேன்."

ஆனால் எம்.எல்.ஏ. சென்னைக்குப் போயிருந்தார். அவர் ஊர் திரும்பத் தை பிறந்துவிட்டது. புளியங்கொட்டை அதற்குள் எலுமிச்சங்காய் ஆகியிருந்தது.

அவர் வீட்டுக் கூடத்தில் ஆண்கள் கூட்டம். மதினி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நேரே முன்னால் போனாள்.

"அண்ணாச்சி, எனக்கு முலையில கட்டி. இருமலும் இல்ல, சளியும் இல்ல. பொம்பளை டாக்டர் வேணும். எனக்கு மட்டும் கேக்கலை."

ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். எம்.எல்.ஏ. தலை நிமிராமல், "இதை ஏம்மா அன்னைக்கே சொல்லலை?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மாசியிலிருந்து வியாழக்கிழமைதோறும் லேடி டாக்டர் வந்தார். முதல் நாள் முதல் ஆள் மதினி. கூட நான். டாக்டர் தொட்டுப் பார்த்தார், அக்குளிலும் அமுக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஆறு மாசம் முந்தியே காட்டியிருக்கக் கூடாதா?"

"சளி பாட்டில்தான் வந்துச்சு, டாக்டரம்மா. நீங்க வரலையே" என்றாள் மதினி. என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

மதுரையில் ஆபரேஷன் நடந்தது. அதன்பின் இரண்டு வருஷம் இருந்தாள். நடக்க முடிந்தவரை ஒரு வியாழக்கிழமையும் விடாமல் எவளையாவது கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அப்படிப் பிழைத்தவர்கள் மற்றவர்கள்தான்.

இறப்பைப் பதிய அண்ணனோடு நானும் போனேன். என்ன நோய் என்று குமாஸ்தா கேட்டார். அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நெஞ்சு நோய்னு போட்டுக்கிடுங்க" என்றார்.

"அது இல்ல. முலையில புற்று" என்றேன்.

குமாஸ்தா எழுதாமல் என்னைப் பார்த்தார். இன்னொரு தரம், சத்தமாகச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.