முடிச்சு இல்லாத இரண்டு பைகள்

“வியாழன், காலை 7.50. பழைய படிவங்கள் போட்டிருந்த பையைக் காணவில்லை. மழை இல்லை.”

என் சட்டைப்பை நோட்டுப் புத்தகத்தில் அன்றைய முதற் குறிப்பு இது. மழையைப் பற்றி ஏன் எழுதினேன் என்று பின்னர் யோசித்திருக்கிறேன். எங்கே கிடந்தாலும் கடதாசி நனைந்திருக்காது என்ற ஆறுதலாக இருக்கலாம்.

வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வங்கிக் கிளையில் அப்போது நான் கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பாக இருந்தேன். மின்பிறப்பாக்கியை எந்தக் கிழமை ஓட்டிப் பார்த்தோம், குளிரூட்டியிலிருந்து எத்தனை மணிக்கு நீர் சொட்டத் தொடங்கியது, குப்பை லொறி எப்போது வந்தது என்பதெல்லாம் என் குறிப்புகளில் இருக்கும். “அண்ணை, நான் தும்மினதையும் எழுதிப்போட்டியளோ?” என்று காசாளர் ஒருவர் கேட்பார். எழுதியதுண்டு. அவருக்கு அது தெரியாது.

வங்கிகளை மேற்பார்வை செய்பவர்கள் பெட்டகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று வெளியில் உள்ளவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் குப்பையையும் கேட்பார்கள். வாடிக்கையாளரின் விபரம் உள்ள எந்தத் தாளும் வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்த பிறகும் சும்மா வெளியே போக முடியாது. அதைப் பூட்டிய பெட்டியில் போட்டு, இரண்டு பேர் கையொப்பமிட்டு, அரைக்கும் வண்டி வரும்வரை காக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கணக்காய்வாளர் விரலால் தடவித் தடவி வாசிப்பார். சலிப்பான விதி என்று பலர் சொல்வார்கள். நான் அதை மனதார மதிக்கிறேன். ஒரு பழைய படிவத்தில் ஒருவருடைய கையெழுத்து, தாயின் பெயர், வீட்டு முகவரி, அடையாள அட்டைப் பிரதி எல்லாம் ஒன்றாக இருக்கும். அடையாள அட்டை இல்லாமல் வீட்டை விட்டு இறங்கப் பயந்த காலம் எங்களில் பலருக்கு மறக்கவில்லை. அந்தப் பிரதி காலி வீதியில் காற்றில் பறக்கக்கூடாது என்று ஒரு விதி நினைப்பது எனக்குப் பெரிய விஷயம்.

கிளையைத் துப்புரவு செய்தவர் கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் ஏறி, காலை ஆறரைக்கு முன்னர் வந்துவிடுவார். என்னைவிட இளையவர்தான். ஆனால் கிளை முழுவதும் அவரை அக்கா என்றே அழைத்தது. அவர் வங்கியின் ஊழியர் அல்லர். ஒப்பந்தத் துப்புரவுக் கம்பனியொன்று அனுப்பிய ஆள். வங்கியொன்று முறைப்பாட்டோடு திருப்பி அனுப்பியவரை அந்தக் கம்பனி வேறு எங்கும் போடாது. அவருடைய வீட்டுக்கு மாதாமாதம் வந்த சம்பளம் அது ஒன்றுதான்.

பைகளைக் கட்டுவதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சாப்பாட்டுக் கழிவுப் பையின் வாயை இரண்டு காது வைத்துக் கட்டுவார். பொலித்தீன் பையை முறுக்கி ஒற்றை முடிச்சுப் போடுவார். படிவங்கள் உள்ள பையை இரண்டு தரம் மடித்து, சிவப்புத் துணிக் கீலத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுவார். சிவப்புக் கீலம் கண்டால் தேநீர் போடுபவர்கூட அந்தப் பையைத் தொடமாட்டார். இந்த முறை கொட்டாஞ்சேனையில் அவர் இருந்த வரிசை வீடுகளிலிருந்து வந்தது. அங்கே எல்லா வீட்டுப் பைகளும் ஒரே மூலையில்தான் வைக்கப்படும். கலந்து போட்ட பையை லொறிக்காரர் எடுக்காமல் விட்டுப் போனால், அது எந்த வீட்டுப் பை என்று முடிச்சைப் பார்த்தே எல்லோரும் சொல்லிவிடுவார்கள். “எங்க லைன்ல முடிச்சுதான் சேர் கையெழுத்து” என்று ஒருநாள் சொன்னார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை தலைமைக் காரியாலயத்தின் சுற்றறிக்கை நடைமுறைக்கு வந்தது. இனி எல்லாக் கிளைகளிலும் ஒரே சாம்பல் நிறப் பை, இழுத்துப் பூட்டினால் அறுத்துத்தான் எடுக்கவேண்டிய ஒரே பிளாஸ்டிக் இழுகட்டு, உள்ளே இருப்பது என்னவென்று சொல்லும் ஒட்டி. பைகளும் இழுகட்டுகளும் வந்தன, ஒட்டிகள் வரவில்லை. ஒட்டி வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் சுற்றறிக்கையில் திகதி போட்டிருந்தது. திகதி போட்ட ஒன்றைத் தள்ளிப்போட எனக்கு மனம் வராது. துணிக் கீலங்களை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சேர். எது எதுன்னு எப்பிடித் தெரியும்?”

“ஒட்டி வரும் அக்கா.”

“வந்த பொறகு தொடங்கினா என்ன?”

நான் சுற்றறிக்கையைக் காட்டினேன். அவர் அதை வாசிக்காமல் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

புதன் பின்னேரம் பின்கதவருகே இரண்டு சாம்பல் பைகள் இருந்தன. ஒன்று பொலித்தீன். மற்றது பூட்டிய பெட்டிக்குப் போகவேண்டிய படிவங்கள். பெட்டிப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. நான் மின்பிறப்பாக்கி திருத்த வந்தவரோடு நின்றதால், காலையில் போடுவோம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் லொறி வழமையைவிட முன்னதாக வந்துவிட்டது. அக்கா மேல்மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு போய் நடைபாதையில் வைத்தேன். முந்தைய நாள் படிவங்களை விட்டுவைத்தது மறந்து, இரண்டும் பொலித்தீன் என்றே நினைத்தேன்.

முகாமையாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், யாழ்ப்பாணத்துப் பெண், கெட்டிக்காரி. பதிவேட்டில் கையொப்பமிட வந்தவர் பை எங்கே என்று கேட்டார். தேடினோம். இல்லை.

“அந்த மனிசிதானே குப்பை எடுக்கிறது? கொம்பனிக்கு அறிவியுங்கோ, ஆளை மாத்தட்டும். ஓடிட்காரர் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்றது?”

அக்கா படியில் வாளியோடு நின்றார். விடிய இரண்டு பைகளை வெளியே வைத்தது எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. என் நோட்டுப் புத்தகத்தின் இரண்டாவது குறிப்புக்கு நேரம் 7.58. அந்த எட்டு நிமிடத்தை நான் திருத்தி எழுதவில்லை.

“மிஸ், பையை வெளியில வைச்சது நான். ரெண்டையும் நான்தான் கொண்டுபோனனான்.”

முகாமையாளர் என்னை நம்பாதவர்போலப் பார்த்தார். அக்காவைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “பை கிடைச்சா வாங்கோ, கதைப்பம். கிடைக்காட்டி நான் ஆரோ ஒரு ஆளின்ர பேரை எழுதத்தான் வேணும்” என்றார். ஒப்பந்த ஆளின் பெயரை எழுதுவது எளிது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

அக்கா வாளியைக் கீழே வைத்தார். “வியாழக்கெழம லொறி இங்க முடிச்சிட்டு பம்பலப்பிட்டி ஒழுங்கைக்குள்ளதான் போகும். வாங்க சேர்.”

முச்சக்கரவண்டிக்காரர் எங்கள் அவசரத்தைப் பார்த்துத் திரும்பினார். “என்ன சேர் இந்தப் பறப்பு? பேங்க் சல்லியத் தூக்கிட்டு ஓடிட்டானா எவனும்?”

“சல்லி இல்ல நானா, குப்ப” என்றார் அக்கா.

“குப்பைக்கா இந்த ஓட்டம்? அல்லாஹ்வே, அப்ப எங்க வீட்டுக் குப்பைக்கும் ஒரு எக்கவுண்ட் தொறந்து குடுங்க.”

கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில் லொறியைக் கண்டோம். பின்பக்கத் தகடு இறங்கி எதையோ நசுக்கிக்கொண்டிருந்தது. நான் அந்தச் சத்தத்திலேயே பாதி அறிக்கையை மனதில் எழுதிவிட்டேன். அக்கா வண்டி நிற்குமுன்னரே இறங்கி ஓடினார்.

“மல்லி! பொட்டக் இன்ன!”

தம்பி, கொஞ்சம் பொறு என்று அவர் சிங்களத்தில் கத்தியதும், லொறியின் பின்னால் நின்ற மனிதர் கையைத் தூக்கிச் சிரித்தார். தமிழிலேயே பதில் சொன்னார். “ஆ, அக்கா! வேல உட்டு போனதுன்னுதானே நாங்க நெனச்சது.”

“ஏன் அப்பிடி நெனச்ச?”

“முடிச்சு இல்ல நே! பேங்க் பேக்ல அக்காட முடிச்சு இல்ல. புது ஆள் கட்டினது, உள்ளுக்கு என்ன இருக்கோ தெரியாது. போத்தல் கண்ணாடி கலந்து போட்டா எங்க கைதான் வெட்டுறது.” அவர் லொறியின் பக்கவாட்டில் தொங்கிய சாக்கைக் காட்டினார். “ரவுண்டு போய் வந்த பொறகு தொறந்து பாக்க எடுத்து வெச்சது.”

சாக்குக்குள் எங்கள் இரண்டு சாம்பல் பைகளும் இருந்தன.

அக்காவின் முடிச்சு இருந்த பைகளை அந்த மனிதர்கள் ஒருபோதும் திறந்து பார்த்ததில்லை. நேரே உள்ளே எறிவார்கள். அந்த முடிச்சு இல்லை என்பதனால்தான் படிவங்கள் நசுங்காமல் வெளியே தொங்கின. பிளாஸ்டிக் இழுகட்டு அறுபடாமல் இருந்ததையும் நான் எழுத வேண்டும். ஒரு தாளும் வெளியே போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சுற்றறிக்கைக்கு உரிய நியாயத்தையும் கொடுக்கத்தான் வேண்டும்.

திரும்பும்போது அக்கா படிவப் பையை மடியில் வைத்திருந்தார்.

“சேர், அந்தத் துணிக் கீலம் எங்க?”

“மேசை லாச்சியில இருக்கு. திகதி போட்டு உறையில வைச்சிருக்கிறன்.”

“எறியல்லயா? நீங்க எதத்தான் சேர் எறிவீங்க?”

முகாமையாளர் இழுகட்டை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். என் அறிக்கையை நின்றபடியே வாசித்தார். “முடிச்சு எண்டெல்லாம் ரிப்போட்டில எழுதேலுமோ?”

“எழுதாட்டி பை ஏன் தப்பினது எண்டு விளங்காது, மிஸ்.”

அவர் கொஞ்ச நேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையொப்பமிட்டார். கம்பனிக்கு முறைப்பாடு போகவில்லை. தவறு என் பெயரில் பதிவானது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அதையும் உறையில் வைத்திருக்கிறேன். சில வாரங்களின் பின் வந்த கணக்காய்வாளர் இழுகட்டின்மேல் சிவப்புக் கீலத்தைக் கண்டு இது என்ன என்று கேட்டபோது, “அது எங்கட கிளையின்ர மேலதிகப் பாதுகாப்பு” என்று முகாமையாளர் முகம் மாறாமல் சொன்னார். அக்கா அப்போது பக்கத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

ஒன்று மட்டும் மிச்சம். பைகளைத் தூக்கிச் சாக்கில் போட்டவர் யார் என்று என் பதிவிலாவது எழுத விரும்பி, பின்னர் ஒருநாள் லொறிக்காரரிடம் விசாரித்தேன். எங்களோடு பேசியவர், போட்டது தான் அல்ல, கூட நின்றவர் என்றார். கூட நின்றவர் சாரதியைக் காட்டினார். சாரதி, அன்று தங்களோடு வந்த மூன்றாவது ஆளாக இருக்கும் என்றார். அந்த மூன்றாமவர் இப்போது கிராண்ட்பாஸ் பக்கம் வேலை செய்கிறாராம். அது கொட்டாஞ்சேனைக்குப் பக்கம் என்பதால் அக்கா அவரைக் கண்டு கேட்டிருக்கிறார். ஞாபகமில்லை என்று பதில் வந்தது. ஆகவே என் பதிவில் அந்த இடம் இப்படியே இருக்கிறது: “பைகளை ஒதுக்கி வைத்தவர் யார்: உறுதிப்படுத்தப்படவில்லை.”