கஞ்சி போட்ட புடவையும் கணக்கு டீச்சர் வேலையும்

இன்டர்வியூவுக்குப் போவதும் ஒரு தொழில்தான். சம்பளம் மட்டும் வராது. பி.எட். முடித்த 2005இலிருந்து மூன்று வருடம் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில் வீடு. சிதம்பரம் வரை எந்தப் பள்ளிக்கூடம் கணக்கு டீச்சர் தேவை என்று விளம்பரம் போட்டாலும் ஃபைலோடு பஸ் ஏறிவிடுவேன். நீங்களும் மடியில் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தவர் என்றால், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

கஞ்சி

டீச்சர் என்றால் காட்டன் புடவை, காட்டன் என்றால் கஞ்சி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எலக்ட்ரிக்கல் கடையில் வேலை. புடவைக்குக் கஞ்சி போட்டதும் அவரே. கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டுவிட்டார். காலையில் கட்டிக்கொண்டு நின்றால், கொசுவம் எனக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி நின்றது. உட்கார்ந்தால் கசங்கிவிடும் என்று சிதம்பரம் வரை நின்றுகொண்டே போக முடிவு செய்தேன். ஆலப்பாக்கத்தில் கூட்டம் ஏறியது. வேலை கிடைக்கும் முன்பே என்னை டீச்சர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அந்த கண்டக்டர்தான்: "டீச்சரம்மா, புடவைய கொஞ்சம் அமுக்கிப் புடிங்க, அந்த எடத்துல ரெண்டு டிக்கெட் நிக்கலாம்."

ஒத்திகை

அடுத்த இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் பயிற்சி. கடையிலிருந்து வந்ததும் மாமா லுங்கியோடு நாற்காலியில் உட்கார்ந்து பிரின்சிபால் ஆகிவிடுவார். நான் வாசல் கதவைத் தட்டி, "மே ஐ கம் இன் சார்" என்று கேட்டு, அவர் "எஸ்" சொன்ன பிறகே என் வீட்டுக்குள் நுழைய வேண்டும். என் பலம் என்ன, பலவீனம் என்ன என்று பதினாறு கேள்விக்கு இங்கிலீஷில் பதில் மனப்பாடம். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். முதுகு சாயக் கூடாது.

இன்டர்வியூ அன்று பள்ளியின் தாளாளர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. கல்யாணம் ஆகி எத்தனை வருடம் என்று கேட்டார். மூன்று என்றேன். குழந்தை? இல்லை என்றேன். இதற்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருக்கிறோம் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. முதுகை மட்டும் நேராக வைத்துக்கொண்டேன். அவர் ஃபைலை என் பக்கம் தள்ளினார். "இப்ப சேத்துக்கிட்டா நடுவருஷத்துல லீவு கேப்பீங்கம்மா. பெத்து வளத்து எல்.கே.ஜி.ல சேக்க வருவீங்க இல்ல, அப்ப பாத்துக்கலாம்."

நாலு ஊக்கு

சிதம்பரத்தில் வேறொரு பள்ளி. பெஞ்சில் பக்கத்தில் ஜெசிந்தா என்று ஒரு பெண், அவளும் கடலூர்தான். பஸ்ஸில் தோள் ஊக்கு கழன்று எங்கோ விழுந்துவிட, முந்தானை மடிப்பைக் கையால் பிடித்துக்கொண்டு அழுகிற நிலையில் இருந்தாள். என் பையில் எப்போதும் நாலு ஊக்கு கூடுதலாக இருக்கும். மடிப்பெடுத்துக் குத்திவிட்டு, கண்ணைத் துடைக்கச் சொல்லி, பதினாறு கேள்வியில் முக்கியமான ஐந்தையும் கேட்டுப் பழக்கினேன். அவளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் கழித்து முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, நீங்க கேட்டதத்தான் கேட்டாங்க. எனக்கே குடுத்துட்டாங்க. மத்தவங்கள போகச் சொல்லணுமாம், என்னையே சொல்லச் சொன்னாங்க."

டெமோ

போதும் என்று இருந்தேன். வடலூரில் மாமாவின் அண்ணன் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். அங்கே போய் உட்காருவதாகப் பேச்சு. அந்த மழைக்காலத்தில் கடலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் பாதியில் நின்றுவிட, மாமா என்னைக் கேட்காமலே விண்ணப்பம் போட்டுவிட்டார். கொடியில் எதுவும் காயவில்லை. கிடைத்த பாலியஸ்டர் புடவையைக் கட்டிக்கொண்டு, முழங்கால் வரை நனைந்து போய்ச் சேர்ந்தேன். ஒரு வரி படிக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் பாடம் எடுக்கச் சொல்லிவிட்டு பிரின்சிபால் மேடம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். போர்டில் கணக்கின் மூன்றாவது வரியிலேயே ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், மைனஸ் விட்டுட்டீங்க." விட்டுத்தான் இருந்தேன். ஜெராக்ஸ் கடை கண்ணுக்குத் தெரிந்தது.

"ஆமா, விட்டுட்டேன். நீயே வந்து போடு" என்று சாக்பீஸை நீட்டினேன். அவள் மைனஸைப் போட்டு, கணக்கையும் முடித்துவிட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "அந்தப் புள்ள யாரு வந்தாலும் எந்திரிக்கும். முன்னாடி வந்த ரெண்டு பேரும் உக்காருன்னாங்க. நீங்க திங்கக்கிழம எட்டரைக்கு வந்துடுங்க, கால மட்டும் தொடச்சிட்டு வாங்க."

காலர்

மூன்று வருடத்தில் சீனியர் ஆகி, இன்டர்வியூ எடுப்பவர்களில் ஒருத்தி ஆனேன். கம்மாபுரத்திலிருந்து ஒரு இளைஞர் பிசிக்ஸுக்கு வந்தார். புதுச் சட்டை, காலருக்குப் பின்னால் கடையின் விலைச் சீட்டு தொங்கியது. பதிலெல்லாம் சுத்தம். போகும்போது தனியாகக் கூப்பிட்டுச் சீட்டைக் காட்டினேன். மனிதர் அசரவில்லை. "தெரியும் மேடம். மச்சான் கடை சட்டை. வேலை குடுத்தீங்கன்னா பிச்சிடுறேன், இல்லன்னா சாயங்காலம் திரும்ப ஷெல்ப்புல வெச்சிடணும்."

அவரைச் சேர்த்துக்கொண்டோம், கேள்வி கேட்கிற பக்கம் மாறி உட்கார்ந்தும் என் பையில் அந்த நாலு ஊக்கு மட்டும் இன்னும் கூடுதலாக இருக்கிறது.